எட்டு வருடம், ஒரே ஒரு ஆல்பம்: டாக்ஸி கேர்ள் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

மடோனாவின் 'மியூசிக்' ஆல்பம் 2000 செப்டம்பரில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களின் பட்டியலைப் படித்துக்கொண்டே போனால் 'மிர்வைஸ்' என்ற ஒற்றைப் பெயரில் கண் நிற்கும். யார் இவர் என்று தேடிப் போகிறவர்கள், பாரிஸில் 1978இல் தொடங்கி 1986இல் கலைந்துபோன ஒரு இசைக்குழுவிடம் போய்ச் சேர்கிறார்கள். குழுவின் பெயர் டாக்ஸி கேர்ள். அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. அவர்கள் போட்ட முழுநீள ஆல்பம் ஒன்றே ஒன்று. பெரிய ஹிட் என்று சொல்லக்கூடியதும் ஒன்றுதான். அந்த ஹிட் அந்த ஆல்பத்தில் இல்லை. இருந்தும், பிரெஞ்சு பாப் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பெயரைத் தொடாமல் போவதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் போதை, மரணம், மேடையில் சிந்திய ரத்தம். மூன்றும் உண்மை. ஆனால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், குழு ஏன் உடைந்தது என்பதும் புரியாது, அதன் இசை ஏன் நிலைத்தது என்பதும் புரியாது. அவர்களை ஊருக்குத் தெரியவைத்த பாட்டு ஒரு பக்கம் இழுத்தது, அவர்கள் உண்மையில் செய்ய நினைத்த இசை இன்னொரு பக்கம் இழுத்தது. இதுதான் என் வாதம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

டாக்ஸி கேர்ளின் இசையை 'நியூ வேவ்', அதாவது புதிய அலை என்பார்கள். ஆனால் 'பிரெஞ்சுப் புதிய அலை' என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமா. அதனால் மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

1. 'நூவெல் வாக்' என்றால் பிரெஞ்சில் புதிய அலை. 1950களின் கடைசியில் கொதார், த்ரூஃபோ போன்றவர்கள் தொடங்கிய திரைப்பட இயக்கத்துக்கு நிலைத்துவிட்ட பெயர் அது.

2. 'நியூ வேவ்' என்பது இசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பங்க் என்ற முரட்டு ராக் இசை 1976, 77இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் வெடித்தபோது, 'பங்க்' என்ற சொல்லைக் கேட்டாலே வானொலிக்காரர்களும் கடைக்காரர்களும் ஒதுங்கினார்கள். சைர் ரெக்கார்ட்ஸின் சீமோர் ஸ்டைன் போன்றவர்கள் அதே தலைமுறைக் குழுக்களை விற்பதற்கு 'நியூ வேவ்' என்ற மென்மையான பெயரைப் பரப்பினார்கள். நாளடைவில் அது தனி பாணியாகவே ஆகிவிட்டது. பங்க்கின் சுருக்கமும் வேகமும் அதில் இருக்கும். கூடவே சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி), நடனத் தாளம், இறுக்கமான உடை, உணர்ச்சியை வெளியே காட்டாத முகம். பிரான்ஸில் இந்த இசையை ஆங்கிலச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். 'நூவெல் வாக்' என்றால் அவர்களுக்கும் சினிமாதான்.

3. நூவெல் வாக் என்ற பெயரிலேயே ஒரு இசைக்குழுவும் இருக்கிறது. அதன் முதல் ஆல்பம் 2004இல் வந்தது. பழைய நியூ வேவ் பாடல்களைப் பிரேசிலின் போஸா நோவா பாணியில் பாடுகிறவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

இன்னொரு பெயரும் அடிக்கடி கண்ணில் படும்: 'ழோன் ழான் மொதேர்ன்', அதாவது நவீன இளைஞர்கள். 1980 பிப்ரவரியில் 'அக்துயெல்' என்ற பத்திரிகை, 'நவீன இளைஞர்கள் தங்கள் அம்மாக்களை நேசிக்கிறார்கள்' என்று தலைப்பிட்டு இந்தப் புதிய கூட்டத்தைப் பற்றி எழுதியது. 1968இன் நீளமுடிக் கலகக்காரர்களுக்குப் பிறகு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்த வியப்பு அந்தத் தலைப்பில் தெரிகிறது. ரென் நகரத்தின் மார்க்கி த சாத், லியோனின் மரி எ லே கர்ஸோன், பாரிஸின் எலி எ ழாக்னோ, டாக்ஸி கேர்ள் எல்லோரையும் இன்று அந்த ஒரே பெயருக்குக் கீழேதான் வைக்கிறார்கள்.

சரி, டாக்ஸி கேர்ள் என்றால்? 1920, 30களில் அமெரிக்க நடன அரங்குகளில் ஆண்கள் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டுக்கு ஒரு நடனம் என்று பெண்களோடு ஆடுவார்கள். வாடகைக் காரைப் போலக் கொஞ்ச நேரத்துக்கு அமர்த்தப்படுகிறவர்கள் என்பதால் அந்தப் பெண்களுக்கு இந்தப் பெயர். ஐந்து பையன்கள் தங்களுக்கு இப்படி ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள் என்பதிலேயே அவர்களுடைய மனப்போக்கு தெரிகிறது. இரவு, வாடகை, மினுக்கு, அதற்கு அடியில் துயரம்.

1978இன் பாரிஸ்: கதவு குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம்

பங்க் பிரான்ஸுக்குத் தாமதமாக வந்தது என்பது தவறான எண்ணம். 1976 ஆகஸ்டிலேயே தென்மேற்கில் உள்ள மோன்-த-மார்சான் என்ற சிற்றூரில் பங்க் விழா நடந்துவிட்டது. அதை நடத்திய மார்க் செர்மாத்தி, பாரிஸின் லே ஆல் பகுதியில் 'ஓபன் மார்க்கெட்' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். அதே வட்டாரத்தில் மிஷேல் எஸ்தெபான் 'ஹாரி கவர்' என்ற கடையை நடத்தினார். லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் இசைத்தட்டுகள் இந்தக் கடைகளில் கிடைத்தன. பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் ஒரு தலைமுறையின் காது உருவானது. 1976 செப்டம்பரில் லண்டனின் 100 கிளப் நடத்திய பங்க் விழாவில் பாரிஸின் ஸ்டிங்கி டாய்ஸ் குழு மேடை ஏறியிருக்கிறது.

ஆக, ஆர்வத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது வழி. நாட்டுக்குள் ஒலிபரப்பு அரசின் ஏகபோகம். தனியார் நிலையங்கள் என்று இருந்த சிலவும் எல்லைக்கு வெளியே கோபுரத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஒலிபரப்பின. ஆர்டிஎல் லக்சம்பர்க்கிலிருந்து, யூரோப் 1 ஜெர்மனியின் சார் பகுதியிலிருந்து. தொலைக்காட்சியில் மூன்றே அலைவரிசைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் 'கோரஸ்' என்ற நிகழ்ச்சி ராக் குழுக்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. மீதியெல்லாம் பெரிய கம்பெனிகளும் அவர்களுடைய வழக்கமான நட்சத்திரங்களும்தான்.

இதில் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மித்தெரான் 1981 மே 10 அன்று குடியரசுத் தலைவராகத் தேர்வானார். அந்த ஆண்டு நவம்பர் 9இல் வந்த சட்டம் உள்ளூர் வானொலிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த குழுக்களுக்கு எஃப்எம்மில் நூற்றுக்கணக்கான கதவுகள் திறந்தன. டாக்ஸி கேர்ளின் பெரிய பாட்டு வந்தது 1980இல். கதவு திறப்பதற்கு ஒரு வருடம் முன்பே வந்து தட்டியவர்கள் அவர்கள்.

இரவுக்கூடங்களின் நிலைமை வேறு. ஃபாப்ரிஸ் எமேர் 1978 மார்ச்சில் ஒரு பழைய நாடகக் கொட்டகையை 'ல பலாஸ்' என்ற பெரும் நடனக்கூடமாக மாற்றினார். ஆடையலங்காரக்காரர்கள், எழுத்தாளர்கள், பணக்காரர்கள், பணமில்லாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடிய இடம் அது. ஜிபுஸ், ரோஸ் போன்போன் போன்ற சிறிய கூடங்களும் இருந்தன. வானொலியில் கிடைக்காத இடத்தை இந்த இரவுகள் கொடுத்தன.

அந்த ஐந்து பேர்

பாரிஸின் வடமேற்கு ஓரத்தில் பல்சாக் பெயரில் ஒரு லிசே இருக்கிறது. (லிசே என்றால் மேல்நிலைப் பள்ளி, புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.) குழு அந்தப் பள்ளி நட்பிலிருந்து உருவானது.

தானியேல் தார்க் பாடகர். 1959இல் பிறந்தவர், குடும்பப் பெயர் ரொஸூம். மிர்வைஸ் அஹ்மத்சாய் கிதார்; ஆப்கானியத் தந்தை, இத்தாலியத் தாய், பிறந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். லோரான் சின்க்லேர் கீபோர்டு. ஸ்தெஃபான் எரார் பேஸ் கிதார், பியேர் வோல்ஃப்சோன் டிரம்ஸ். கூடவே மேனேஜர் அலெக்சி. எல்லோருக்கும் வயது இருபதை ஒட்டி.

இவர்களில் சின்க்லேரைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். பாடகரும் கிதார் வாசிப்பவரும் பின்னால் பிரபலமானதால் இவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் இந்தக் குழுவின் பாட்டைக் கேட்டுவிட்டு வாய் எதை முணுமுணுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கீபோர்டு மெட்டாகத்தான் இருக்கும்.

பிரெஞ்சில் ராக் பாடுவது ஏன் கடினம்?

இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் குழுவின் சாதனை புரியாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் ஒரு அசை ஓங்கும், மற்றவை அடங்கும். ராக் தாளத்தின் அழுத்தம் அந்த ஓங்கும் அசையில் வந்து விழுந்தால் பாட்டு தானாகவே துள்ளும். பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய சம எடையோடு வரிசையாக நடக்கின்றன. அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் லேசாக விழுகிறது. ஆங்கில மெட்டில் பிரெஞ்சு வரியை வைத்தால் சொல் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் போகும். 1960களின் 'யே-யே' பாடகர்கள் ஆங்கிலப் பாடல்களைப் பிரெஞ்சில் பாடியபோது இந்த உராய்வு அடிக்கடி கேட்டது. 1970களின் பல குழுக்கள் ஆங்கிலத்துக்கே ஓடிவிட்டதற்கும் இது ஒரு காரணம்.

தார்க் இதற்குக் கண்ட வழி எளிமையானது. பெரிதாகப் பாடவே முயலவில்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு. குரல் மேலே போகாது, கீழேயும் இறங்காது. பிரெஞ்சின் சமநடையை அப்படியே விட்டுவிட்டு, துள்ளலை டிரம்ஸிடமும் கீபோர்டிடமும் ஒப்படைத்தார்கள். வாக்கியம் கடைசி அசையில் அழுத்தம் வாங்கும் இடமும் தாளம் விழும் இடமும் ஒன்றாகிவிடும். அந்தக் குரல் குளிர்ச்சியாக, பற்றில்லாமல் ஒலிக்கிறது என்று சொல்வார்கள். மொழியின் இயல்புக்கு விட்டுக்கொடுத்ததால் கிடைத்த குளிர்ச்சி அது.

இந்த முறைக்கு நல்ல கீபோர்டு வேண்டும். 1970களின் கடைசியில் கோர்க் போன்ற ஜப்பானியக் கம்பெனிகளின் வரவால் சிந்தசைசர் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த ஒலி, பள்ளி முடித்த பையன்களின் கைக்கு எட்டியது.

'ஷேர்ஷே ல கர்ஸோன்': பாட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம்

முதல் சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்து வரும் சிறிய இசைத்தட்டு) 'மன்கேன்' 1980இல் பாத்தே மார்க்கோனி என்ற இசைத்தட்டுக் கம்பெனி வழியாக வந்தது. அதே ஆண்டில் வந்தது 'ஷேர்ஷே ல கர்ஸோன்'. இவற்றைத் தயாரித்த மாக்சிம் ஷ்மித், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவோடு நெருங்கிப் பணியாற்றியவர். மின்னிசையைத் துல்லியமாகவும் சுத்தமாகவும் பதிவுசெய்வது என்ன என்று தெரிந்தவர்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 'ஷேர்ஷே லா ஃபாம்' என்பது பிரெஞ்சில் தேய்ந்துபோன ஒரு சொல்வழக்கு. எந்த மர்மத்துக்கும் பின்னால் ஒரு பெண் இருப்பாள், அந்தப் பெண்ணைத் தேடுங்கள் என்று பொருள். நாவலாசிரியர் மூத்த அலெக்சாந்தர் தூமாவின் 19ஆம் நூற்றாண்டு எழுத்திலிருந்து பரவியது. இவர்கள் பெண்ணை எடுத்துவிட்டுப் பையனை வைத்தார்கள்: 'அந்தப் பையனைத் தேடுங்கள்.' ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் மர்மத்தின் மையம் இப்போது பெண் இல்லை, ஒரு இளைஞன். தேடப்படுகிறவன் குற்றவாளியா, காதலனா, காணாமல்போனவனா என்று பாட்டு சொல்வதில்லை. வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'தேடு' இல்லை, 'தேடுங்கள்'. மரியாதைப் பன்மையில் வரும் கட்டளை. காவல் நிலையச் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் தொனி.

இசையில் முதலில் வருவது கீபோர்டு. ஒரு சிறிய மெட்டுத் துண்டு, சுற்றிச் சுற்றி வரும், ஒருமுறை கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். டிரம்ஸ் அலங்காரமில்லாமல் நேராக ஓடுகிறது. கிதார் நீளமாக எதையும் வாசிப்பதில்லை. குட்டிக் குட்டி வெட்டுகளாக வந்து போகிறது. இவற்றுக்கு மேலே அந்த உணர்ச்சி காட்டாத குரல்.

பாட்டு பெரிதாக ஓடியது. நடனக்கூடங்களில் ஆடினார்கள், வானொலியில் போட்டார்கள், தொலைக்காட்சிக்கு அழைத்தார்கள். இங்கேதான் பிரச்சினையும் பிறந்தது. கீபோர்டை மட்டும் கேட்டவர்களுக்கு அது இனிமையான பாப் பாட்டு. வரிகளைக் கேட்டவர்களுக்கு இருட்டு. கேட்டவர்களில் முதல் வகையினர்தான் மிக அதிகம்.

மேடையில் இருந்த இன்னொரு குழு

ஹிட் வருவதற்கு முன்பே இந்தக் குழுவின் மறுபக்கம் தெரிந்திருந்தது. 1979இல் ல பலாஸில் அமெரிக்காவின் டாக்கிங் ஹெட்ஸ் குழுவுக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். கூட்டம் ஈடுபாடு காட்டவில்லை. தார்க் மேடையிலேயே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார். ரத்தம் முன்வரிசை வரை தெறித்தது என்று கதை இன்றும் சொல்லப்படுகிறது.

இதை வீரச்செயல்போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் எல்லோர் கண்முன்னும் உடைந்து நின்றான், அதைப் பார்த்தவர்கள் அதைக் கலையாக எடுத்துக்கொண்டார்கள். தார்க் பல வருடங்கள் போதைப் பழக்கத்தோடு போராடினார். அந்தப் போராட்டத்தை ஒரு குழுவின் 'அழகியல்' என்று சொல்லிக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் நியாயமில்லை.

1981: டிரம்ஸ் இல்லாத குழுவும் 'செப்புக்கு' ஆல்பமும்

ஹிட் வந்த மறுவருடம், 1981இல், பியேர் வோல்ஃப்சோன் அளவு மீறிய போதையால் இறந்துபோனார். முழுநீள ஆல்பத்தை இன்னும் முடித்திருக்கவில்லை. பேஸ் வாசித்த எராரும் விலகினார். ஐந்து பேர் மூன்று பேரானார்கள்.

ஆல்பத்தைத் தயாரிக்க வந்தவர் இங்கிலாந்தின் ஸ்ட்ராங்க்ளர்ஸ் குழுவின் ழான்-ழாக் பர்னெல். பிரெஞ்சுப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர், கராத்தே பயின்றவர், ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவின் மீது ஈடுபாடு கொண்டவர். டிரம்ஸ் வாசிக்கத் தன் குழுவின் ஜெட் பிளாக்கையே அழைத்துவந்தார். ஜெட் பிளாக்குக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். இறந்த நண்பனின் இருக்கையில் தங்களைவிட இருபது வயது மூத்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க, அந்த இளைஞர்கள் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். அந்த இசைத்தட்டைப் போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1981 முடிந்து 1982 பிறக்கும் சமயத்தில் அது 'செப்புக்கு' என்ற பெயரில் வந்தது. செப்புக்கு என்றால் சாமுராய்களின் சடங்குத் தற்கொலை. பாத்தே மார்க்கோனியை விட்டுவிட்டு, மேனேஜரோடு சேர்ந்து தொடங்கிய 'மான்கின்' என்ற சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டு நிறுவனத்தில், வெளியிட்டார்கள், விநியோகம் வர்ஜின் கம்பெனி.

பர்னெலின் கைபட்டதும் ஒலி கனமானது. பேஸ் முன்னுக்கு வந்தது, கீபோர்டு இனிமையை விட்டு மூடுபனிபோல ஆனது. 'அவென்யூ த்யூ க்ரீம்' என்றால் குற்றத்தின் பெருவீதி. 'விவியான் வோக்' இரண்டு பகுதிகளாக நீளும் பாட்டு. 'ஷேர்ஷே ல கர்ஸோன்' மாதிரி இன்னொரு பாட்டு ஆல்பம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அந்த ஹிட்டைக்கூட உள்ளே வைக்கவில்லை. நடனப் பாட்டை எதிர்பார்த்து வாங்கியவர்கள் திகைத்துப்போயிருப்பார்கள். விற்பனையில் அது ஹிட்டின் அருகில்கூட வரவில்லை.

என் கணக்கில் இது பிரெஞ்சு மொழியில் வந்த மிகச் சிறந்த இருண்ட ராக் ஆல்பங்களில் ஒன்று. ஒரு ஹிட் குழு செய்யவே கூடாத காரியம் என்பதும் உண்மைதான். இரண்டுமே ஒரே முடிவின் விளைவு.

பிறகு ஏன் உடைந்தது?

காரணங்களை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்.

1. சிங்கிள் சந்தையின் கணக்கு. அந்தக் காலப் பிரெஞ்சுப் பாப் சந்தை நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிங்கிள் இசைத்தட்டில் ஓடியது. ஒரு சிங்கிள் ஹிட்டானால் கம்பெனிக்கு அடுத்து வேண்டியது அதேபோல இன்னொன்று, ஆறு மாதத்துக்குள். ஆங்கில நாடுகளில் குழுக்களுக்கு ஆல்பம், பத்திரிகை, கல்லூரி மேடை என்று வேறு ஆதாரங்கள் இருந்தன. பாரிஸில் அது மிகக் குறைவு. வானொலியில் பிரெஞ்சுப் பாட்டுகளுக்கு 40 சதவீதம் என்ற ஒதுக்கீடு வந்ததெல்லாம் 1990களில்.

2. மரணம். டிரம்ஸ்காரர் போனதால் தாளம் போனது என்பதோடு இது முடியவில்லை. பள்ளி நட்பில் கட்டிய குழு அது. ஒருவர் இறந்தால் மீதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

3. சின்க்லேரின் விலகல். என்னைக் கேட்டால் உண்மையான முறிவு இங்கேதான். 1983இல் அவர் வெளியேறினார். தார்க்கின் வரிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே பாலமாக இருந்தது அவருடைய மெட்டு. அந்த இருண்ட வரிகளை ஜனங்கள் பாடியது கீபோர்டின் இனிமையால்தான். அவர் போனபின் பாலம் இல்லை. இரண்டு கரைதான் மிச்சம்.

4. போதை. இது மேலே சொன்ன மூன்றையும் மோசமாக்கியது. ஒத்திகை, பயணம், ஒப்பந்தம் எதையும் நம்பித் திட்டமிட முடியாத நிலை. காரணங்களில் முதலாவதாக இதை வைப்பதற்கு நான் தயங்குகிறேன். இதே பழக்கங்களோடு இருபது வருடம் ஓடிய குழுக்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பொறுமையான கம்பெனியும் நிலையான வருமானமும் இருந்தன.

மீந்தது தார்க்கும் மிர்வைஸும். இருவர் குழுவாக அவர்கள் போட்ட சிங்கிள்களை வரலாறுகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன, அது சரியில்லை. 1984இன் 'தீத்-லெ ஃபோர்' என்ற பாட்டின் தலைப்பு, ஜேம்ஸ் பிரவுனின் கறுப்பினப் பெருமைப் பாடலின் தலைப்பை எடுத்து, 'உரக்கச் சொல்லுங்கள், நாங்கள் இளைஞர்கள், எங்களுக்குப் பெருமை' என்று திருப்புகிறது. அதே ஆண்டின் 'பாரி', சுற்றுலா அட்டைகளில் வரும் பாரிஸைப் பற்றியது இல்லை. அந்த ஊரில் பிறந்து அந்த ஊராலேயே களைத்துப்போன ஒருவரின் பேச்சு. 1986இல் 'ஓசி பெல் க்யூன் பால்', அதாவது 'துப்பாக்கிக் குண்டைப் போல அழகானவள்'. அதோடு முடிந்தது.

இதே காலத்தில் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். இந்தோஷின் குழு 1981இல் தொடங்கியது. அவர்களுடைய 'லவான்த்யூரியே' 1982இல் வந்தபோது உள்ளூர் வானொலிகள் முளைத்துவிட்டன, கீபோர்டும் கிதாரும் கலந்த பிரெஞ்சுப் பாப்புக்குக் கூட்டமும் தயாராகிவிட்டது. எத்தியேன் தாவோ மென்மையான குரலில் அதே வழியில் வந்து 1984இல் பெரும் நட்சத்திரமானார். அவர்களுடைய திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பாதையில் இருந்த முள்ளை முதலில் மிதித்தவர்கள் வேறு.

கலைந்த பிறகு நடந்தது

தார்க் 1987இல், எலி எ ழாக்னோ குழுவின் ழாக்னோவுடைய தயாரிப்பில் தனி ஆல்பம் போட்டார். பிறகு மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தார். பத்து வருடங்களுக்கு மேல் அவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2004இல் இசையமைப்பாளர் ஃப்ரெதெரிக் லோவுடன் சேர்ந்து 'க்ரேவ்கேர்' என்ற ஆல்பத்தோடு திரும்பினார். உடைந்த இதயம் என்று அதற்குப் பொருள். மறுவருடம் பிரான்ஸின் விக்துவார் த ல ம்யூசிக் இசை விருது விழாவில், புதிய வரவுகளுக்கான ஆல்பம் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து, மேடை ஏறிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. டாக்ஸி கேர்ளைக் கேட்டே இராத ஒரு தலைமுறை அவரை முதன்முதலாகக் கேட்டது. 2013 பிப்ரவரி 28 அன்று பாரிஸில் இறந்தார், வயது 53.

மிர்வைஸ் வேறு வழியில் போனார். சில காலம் ழூலியேத் எ லே ஆந்தெபாந்தான் என்ற, மின்னொலி இல்லாத அமைதியான இசைக்குழுவில் இருந்தார். பின் கணினி இசைக்குத் திரும்பி 'டிஸ்கோ சயின்ஸ்' என்ற இசைத்துண்டை உருவாக்கினார். அவருடைய மாதிரிப் பதிவுகள் மடோனாவின் லேபிள் கைக்குப் போய்ச் சேர, அங்கிருந்து 'மியூசிக்', 2003இல் 'அமெரிக்கன் லைஃப்', 2019இல் 'மேடம் எக்ஸ்'. 'மியூசிக்' பாடலைக் கவனித்துக் கேளுங்கள். குரலில் உணர்ச்சியை வடித்துவிட்டிருக்கிறார்கள், கிதாரை வெட்டித் துண்டாக்கியிருக்கிறார்கள், மின்னொலி ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது. 1980இல் பாத்தே மார்க்கோனிக்காகப் பதிவுசெய்த அந்தப் பாட்டோடு அடுத்தடுத்துக் கேட்டால், இருபது வருட இடைவெளியில் ஒரே கை வேலைசெய்வது தெரியும்.

சின்க்லேர் 1984இல் 'தவான் ல ஃபே தார்த்திஃபீஸ்' என்ற தனிப் பாட்டை வெளியிட்டார். வாணவேடிக்கைக்கு எதிரே என்று பொருள். 2019இல் அவரும் இறந்துவிட்டார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

வந்த வரிசையிலேயே கேட்பதுதான் நல்லது. முதலில் 'மன்கேன்', அப்புறம் 'ஷேர்ஷே ல கர்ஸோன்'. அடுத்து 'செப்புக்கு' ஆல்பத்தை இடையில் நிறுத்தாமல் ஒரே அமர்வில். கடைசியில் 'பாரி'. பிரெஞ்சு தெரியாதவர்கள் முதல் சுற்றில் வரிகளைத் தேடவேண்டாம். ஹிட் பாட்டில் கீபோர்டு எங்கே நிற்கிறது என்று மட்டும் காதில் குறித்துக்கொள்ளுங்கள். 'செப்புக்கு' போட்டவுடன் அது எவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டது என்று தெரியும். 'பாரி'க்கு வரும்போது அதை வாசித்தவர் குழுவிலேயே இல்லை.